ஊசின்னாலே நடுக்கமா? கிளினிக் கௌண்டர்ல இருந்து வீடு திரும்புற வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

செம்பனை (எண்ணெய் பனை) குலை வெட்டுற ஆளுங்களோட கைய கிட்டத்துல பாத்திருக்கீங்களா? முள்ளு ஏறாத விரல் ஒன்னு கூட இருக்காது. ஏறுன முள்ள பின் ஊசியால நோண்டி எடுத்துட்டு, மிச்ச குலைய வெட்டி முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க. அதே ஆளுகிட்ட "அண்ணே, முள்ளு ஆழமா போயிருக்கு, கிளினிக்ல ஒரு டெட்டனஸ் ஊசி போட்டுக்கங்க"ன்னு சொல்லி பாருங்க, மோட்டோர ஸ்டார்ட் பண்ணிட்டு போயிகிட்டே இருப்பாரு. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் இப்படி ஆளு தோட்டத்துக்கு நாலு பேராவது தேறுவாங்க. அதனால ஊசிக்கு பயப்படுறவன் கோழை, பொம்பள புள்ள மாதிரி, அப்படி இப்படின்னு பேசுறத முதல்ல நிறுத்திடலாம். தைரியத்துக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் கெடையாது, ஒடம்பு செய்யுற வேலை இதுல பாதிக்கு மேல இருக்கு.

இந்த பயம் ரொம்ப சாதாரணமானதும் கூட. 2019ல வந்த ஒரு ஆய்வு தொகுப்புல, பதின்ம வயசு புள்ளைங்கள்ல 20லிருந்து 50 விழுக்காடு, இளவயசுக்காரங்கள்ல 20லிருந்து 30 விழுக்காடு பேருக்கு ஊசி பயம் இருக்குன்னு போட்டிருந்தாங்க. வயசு ஏற ஏற கொறையுது, ஆனா எல்லாருக்கும் போயிடறது இல்ல. அறுபது வயசுலயும் ரத்தம் எடுக்க சொன்னா அப்பாயின்மென்ட்ட தள்ளி தள்ளி போடுறவங்க நம்ம வீட்டுலயே இருப்பாங்க.

படி 1: ஒங்க பயம் எந்த வகைன்னு கண்டுபுடிங்க

இத தாண்டி குதிச்சு போகாதீங்க, மத்த எல்லாமே இதுலதான் நிக்குது. ஏன்னா ஒரு வகைக்கு நல்லது செய்யுற வைத்தியம் இன்னொரு வகைக்கு நேர் எதிரா வேலை செய்யும்.

முதல் வகை, வலிக்கு பயம். ஊசி உள்ள போற அந்த நொடிய நெனச்சு நெஞ்சு அடிச்சுக்கும், கை வேர்க்கும், ஒடம்பு இறுகும். ஆனா மயக்கம் வராது. இவங்களுக்கு மூச்ச மெதுவா விடுறது, ஒடம்ப தளர்த்துறது, கவனத்த திருப்புறது எல்லாம் நல்லா கேக்கும்.

ரெண்டாவது வகை, மயங்கி விழுறவங்க. இவங்க சில பேருக்கு வலிய பத்தி கவலையே கெடையாது, ஊசிய பாத்தாலோ ரத்தத்த பாத்தாலோ காது அடைக்கும், கண்ணு இருட்டும், வாய்ல எச்சி ஊறும், குப்புனு வேர்த்து ஆளு சாஞ்சிடுவாரு. இதுல நடக்குறது என்னன்னா, முதல்ல இதய துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுது, அப்புறம் திடீர்னு ரெண்டுமே கீழ விழுது, மூளைக்கு போற ரத்தம் கொறையுது, ஆளு விழுறாரு. மத்த பயத்துல, பாம்ப பாத்தாலோ நாய பாத்தாலோ, அழுத்தம் ஏறுமே தவிர இப்படி கீழ விழாது, ரத்தம் ஊசி காயம் இந்த மூணுக்குத்தான் இந்த குணம். அதனாலதான் மனநல மருத்துவர்களோட கைப்புத்தகமான டி.எஸ்.எம்-5ல இத தனி வகையாவே பிரிச்சு வச்சிருக்காங்க. இது குடும்பத்துல ஓடுறதும் உண்டு, அப்பா விழுவாரு, மகனும் விழுவான், பேத்தியும் விழுவா.

இப்ப இந்த ரெண்டாவது வகை ஆளுகிட்ட போயி "நல்லா ரிலாக்ஸ் பண்ணு, ஒடம்ப லூசா விடு"ன்னு சொன்னீங்கன்னா, ஏற்கனவே விழுந்துகிட்டு இருக்குற அழுத்தம் இன்னும் வேகமா விழும். அவருக்கு வேண்டியது ஒடம்ப இறுக்குறது. அத எப்படின்னு கீழ சொல்றேன்.

மூணாவது வகை பழைய ஞாபகம். சின்ன வயசுல நாலு பேரு சேந்து கைய கால புடிச்சு அமுக்கி ஊசி போட்டிருப்பாங்க. அப்பயும் பயம் ஊசி மேல இருந்தத விட, அமுக்குனதுலதான் ஜாஸ்தி. நம்ம பாட்டி தாத்தா காலத்து தோட்டத்து ஆஸ்பத்திரி கதைங்களும் இதுல சேரும், கண்ணாடி சிரிஞ்ச கொதிக்குற தண்ணியில போட்டு எடுத்து, அதே ஊசிய திரும்ப திரும்ப பாவிச்ச காலம் அது, அந்த ஊசி மொனை மழுங்கி இருக்கும், கண்டிப்பா வலிச்சிருக்கும். ஆனா அந்த கதைய கேட்டு வளந்த பேரன் இன்னிக்கு பயப்படுற ஊசி வேற. இப்ப கையில போடுற ஊசியோட தடிப்பு சுமாரா அரை மில்லிமீட்டர்தான், ஒரு ஆளுக்கு ஒரு ஊசி, போட்டதும் குப்பைக்கு போயிடும்.

நாலாவது வகைய யாரும் வெளிய சொல்றதில்ல. ஊசிக்கு பின்னாடி வர்ற சேதிக்கு பயம். ரத்தம் எடுத்தா என்னத்த கண்டுபுடிப்பாங்களோ, இன்சுலின் ஆரம்பிச்சா நம்ம கதை முடிஞ்சுதோ, அந்த பயம். அதுக்கு தனியா ஒரு இடம் வச்சிருக்கேன்.

ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு வகை கலந்தும் இருக்கலாம். ஒரு தாள்ல எழுதி பாருங்க: கடைசியா ஊசி போட்டப்போ ஒடம்புல என்ன நடந்துச்சு, எந்த நேரம் மோசமா இருந்துச்சு, காத்திருக்கும் போதா, ஸ்பிரிட் வாசனை வரும்போதா, ஊசிய பாத்தப்பவா, போட்டு முடிச்சு எழுந்திருக்கும் போதா. பதில் கெடச்சுதுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

படி 2: மயக்கம் வர்றவங்க மட்டும் படிங்க, இறுக்கி விடுற பயிற்சி

இத சுவீடன்ல லார்ஸ் யோரான் ஓஸ்ட்ன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1980கள்ல உருவாக்குனாரு. காசு பணம் வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

நாற்காலில ஒக்காருங்க. ரெண்டு கையையும் முட்டியா மடக்கி, தொடை, வயிறு, பிட்டம் எல்லா தசையையும் ஒரே நேரத்துல இறுக்குங்க. மூச்ச அடக்காதீங்க, இதுலதான் நிறைய பேரு தப்பு பண்றது, முக்கிகிட்டு மூச்ச புடிச்சா வேலைக்கு ஆகாது, சாதாரணமா மூச்சு விட்டுகிட்டே இறுக்கணும். 10லிருந்து 15 நொடி, மூஞ்சில லேசா சூடு ஏறுற மாதிரி தெரியுற வரைக்கும். அப்புறம் விடுங்க. ஆனா துணி மாதிரி தொவண்டு போற அளவுக்கு விடக்கூடாது, சாதாரணமா ஒக்காந்திருக்குற நிலைக்கு வந்தா போதும். 20லிருந்து 30 நொடி கழிச்சு மறுபடியும் இறுக்குங்க. இப்படி அஞ்சு தடவ செஞ்சா ஒரு சுத்து. ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு தினமும் சில சுத்து செய்யுங்க, டிவி பாத்துகிட்டே கூட செய்யலாம். மூஞ்சில சூடு ஏறுதுன்னா அழுத்தம் ஏறுதுன்னு அர்த்தம், அந்த ஏத்தம்தான் கிளினிக்ல ஒங்கள விழாம புடிச்சு வைக்கும்.

ரத்த கொதிப்பு, இதய பிரச்சனை இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, சமீபத்துல ஆப்பரேஷன் பண்ணவங்க டாக்டர்கிட்ட கேக்காம இத செய்ய வேண்டாம்.

ஒரு சிக்கல் வரும். ஊசி போடுற கை இறுக்கமா இருந்தா வலி கூடும், மருந்து இறங்குன எடம் அப்புறமும் நோவும். அப்ப என்ன பண்றது? போடுற கைய மட்டும் தொங்கவிட்டு, மத்த கையையும் ரெண்டு காலையும் இறுக்க பழகுங்க. முதல்ல கஷ்டமா இருக்கும், ஒன்ன இறுக்கினா இன்னொன்னும் சேந்து இறுகும், நாலு நாளு பழகுனா வந்துடும்.

படி 3: பயத்த ஏணி மாதிரி ஏறி பழகுங்க

அவசர ஊசி இல்லன்னா, ரெண்டு மூணு வாரம் டைம் இருக்குன்னா இத செய்யுங்க. டாக்டருங்க இந்த பயத்துக்கு குடுக்குற முக்கியமான சிகிச்சையே இதுதான், பயப்படுற பொருளுக்கு கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல போறது.

மொதல்ல ஊசி படத்த கைபேசியில பாருங்க. நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், படத்த மூடாதீங்க. பயம் ஏறி, ஒரு எடத்துல நின்னு, தானா எறங்கும். எறங்குற வரைக்கும் பாத்துட்டுத்தான் மூடணும், ஏன்னா உச்சத்துல இருக்கும்போது மூடிட்டீங்கன்னா மூளை "ஓடுனதாலதான் தப்பிச்சேன்"ன்னு பதிஞ்சு வச்சுக்கும், அடுத்த தடவ பயம் இன்னும் கூடும். படம் சலிச்சு போனதும் யாரோ தடுப்பூசி போட்டுக்குற வீடியோ. அதுக்கப்புறம் பார்மசில ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சு ஒன்னு வாங்குங்க, புள்ளைங்களுக்கு மருந்து ஊத்துவாங்களே அதேதான், அத கையில வச்சுகிட்டு இருங்க, மேல்கையில வச்சு அழுத்தி பாருங்க. அப்புறம் வீட்டுல யாருக்காவது கிளினிக் போற வேலை இருந்தா கூடவே போயி ஒக்காந்துட்டு வாங்க, அந்த ஸ்பிரிட் வாசனை, நம்பர் கூப்பிடுற சத்தம், எல்லாம் பழகிடும். மயங்குறவங்க ஒவ்வொரு படியிலயும் மேல சொன்ன இறுக்குற பயிற்சிய சேத்து செய்யணும்.

ஒரு படியில மாட்டிகிட்டா கீழ எறங்கி மறுபடி ஏறுங்க, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

படி 4: முதல் நாளும் அன்னிக்கு காலையிலயும்

சாப்பிடாம வராதீங்க. இத நான் கத்தி சொல்லணும்னு நெனைக்கிறேன். நம்ம ஆளுங்க பயத்துல காலைல ஒன்னும் எறங்காம, வெறும் தே ஓவ (பாலில்லாத தேத்தண்ணிய) குடிச்சிட்டு வந்து, பத்து மணி வரைக்கும் நம்பருக்கு காத்திருந்து, ஊசி போட்டதும் சாஞ்சா பழி ஊசி மேல. ரெண்டு இட்லியோ ஒரு ரொட்டி சானாயோ சாப்பிட்டு, ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வாங்க. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொல்லியிருந்தா சாப்பிடக்கூடாது, ஆனா வெறும் தண்ணி குடிக்கலாம், நல்லா குடிச்சா நரம்பும் சீக்கிரம் கெடைக்கும், ரெண்டு மூணு தடவ குத்த வேண்டி இருக்காது. ரத்தம் குடுத்த கையோட குடிக்க ஒரு பாக்கெட் மைலோ பையில இருக்கட்டும்.

இறுக்கமான நீள கை சட்டை வேண்டாம். தோள் வரைக்கும் சுலபமா ஏத்துற சட்டை போடுங்க. ரத்தம் எடுக்குறதுன்னா கைய சூடா வச்சுக்குங்க, ஏர்கான்ல கை சில்லுனு ஆச்சுன்னா நரம்பு ஒளிஞ்சுக்கும்.

வலிக்கு பயப்படுறவங்களுக்கு ஒரு மருந்து இருக்கு, மரத்து போக வைக்குற கிரீம். எம்லான்னு சொல்வாங்க, லிடோகெயின், பிரிலோகெயின் ரெண்டும் 2.5 விழுக்காடு கலந்தது. பெரிய பார்மசில கேட்டு பாருங்க. தடவி ஒரு மணி நேரம் ஆகணும் அது வேலை செய்ய, அதுவும் மேல பிளாஸ்டிக் ஒட்டு போட்டு மூடி வச்சாத்தான். கிளினிக் வாசல்ல நின்னுகிட்டு தடவுறது வீண். எந்த எடத்துல ஊசி போடுவாங்கன்னு முன்கூட்டியே கேட்டு அங்க தடவுங்க. இது தோலத்தான் மரக்க வைக்கும், தசைக்குள்ள மருந்து எறங்குற அந்த கனமான வலிய அவ்வளவா கொறைக்காது, இத தெரிஞ்சு வச்சுக்குங்க, இல்லன்னா "கிரீம் போட்டும் வலிச்சுதே"ன்னு ஏமாந்து போவீங்க. முக்கியமா, ஜி6பிடி கொறைபாடு (ரத்த சிவப்பணுவ பாதிக்குற ஒரு பரம்பரை கொறை) இருக்குறவங்களுக்கு இது ஆகாம போகலாம். மலேசியாவுல பொறந்த புள்ளைங்களுக்கு பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல இத பாத்துடுறாங்க, புள்ளையோட கிளினிக் புத்தகத்துல இருக்கும், பாத்துட்டு பார்மசிஸ்ட்கிட்ட சொல்லுங்க. கைக்கொழந்தைக்கு டாக்டர கேக்காம தடவவே கூடாது.

படி 5: கௌண்டர்ல வாய தொறந்து சொல்லுங்க

நம்ம ஆளுங்க செய்யாதது இதுதான். வெக்கம். "என்னா இவ்ளோ பெரிய ஆளு ஊசிக்கு பயப்படுறாரு"ன்னு நெனைச்சிடுவாங்களாம். மிஸ்ஸிக்கு, அதாவது நர்சுக்கு, இது தினசரி வேலை, ஒங்கள மாதிரி ஆளுங்கள பாக்காத நாளே அவங்களுக்கு இருக்காது. முன்னாடியே சொல்லிட்டா படுக்க வச்சு போடுவாங்க, சொல்லாம நாற்காலியிலேர்ந்து விழுந்து மண்டை ஒடஞ்சா அவங்களுக்கும் கஷ்டம்.

அரசாங்க கிளினிக்ல பெரும்பாலும் மலாய்லதான் பேசணும், பயத்துல இருக்கும்போது வாய்ல மலாய் வராது, அதனால முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்குங்க. "மிஸ்ஸி, சாயா தாகுட் ஜாரும்", ஊசிக்கு பயம்னு சொல்ல. "சாயா பெர்னா பெங்சான்", முன்னாடி மயங்கி விழுந்திருக்கேன்னு. "போலே பாரிங்?", படுத்துக்கலாமான்னு. "துங்கு செக்கெஜாப்", கொஞ்சம் பொறுங்கன்னு. இந்த நாலு போதும். தனியா பேச முடியலன்னா ஒரு சின்ன தாள்ல எழுதி ஐசியோட (அடையாள கார்டோட) சேத்து நீட்டிடுங்க.

கூட்டம் ஜாஸ்தியா இருந்தா சில எடத்துல காது குடுத்து கேக்க மாட்டாங்க, அவசர அவசரமா கைய இழுப்பாங்க, அதுவும் நடக்குறதுதான். அப்பவும் "போலே பாரிங்?"ன்னு ரெண்டாவது தடவ கேளுங்க. மயங்குற ஆளு படுத்துக்குறேன்னு கேக்குறது ஒங்க உரிமை, அடம் கெடையாது. முடிஞ்சா கூட்டம் கொறைஞ்ச நேரத்துல போங்க, அரசாங்க கிளினிக்ல காலைல நெரிசலா இருக்கும், மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்னு, ஊசிய பாக்கலாமா பாக்க வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சில பேருக்கு பாத்தாத்தான் நிம்மதி, எப்ப வருதுன்னு தெரியணும். சில பேருக்கு பாத்தா போச்சு. ரெண்டுமே சரி. "மூணு எண்ணிட்டு போடுங்க" இல்ல "சொல்லாம போட்டுடுங்க", எது வேணும்னு மிஸ்ஸிகிட்ட சொல்லிடுங்க.

படி 6: அந்த ஒரு நிமிஷம்

ஸ்பிரிட் தடவுன எடம் காயட்டும். ஈரத்தோட ஊசி போச்சுன்னா எரியும், சில பேரு "வலி"ன்னு சொல்றது இந்த எரிச்சலத்தான்.

போடுற கைய மடியில போட்டு, தோள கீழ எறக்குங்க. தோள் காது வரைக்கும் ஏறி நின்னா தசை கல்லு மாதிரி ஆயிடும். வலிக்கு பயப்படுற வகைன்னா மூச்ச மூக்கால இழுத்து, உதட்ட குவிச்சு சூடான தேத்தண்ணிய ஊதி ஆத்துற மாதிரி மெதுவா நீளமா ஊதுங்க. வெளிய விடுற மூச்சு உள்ள இழுக்குறத விட நீளமா இருக்கணும். ஊசி உள்ள போற நேரம் ஒரு தடவ இருமுனாலும் வலி கொறைவா தெரியும், இத ஆராய்ச்சியே பண்ணி பாத்திருக்காங்க, ஆனா மிஸ்ஸிகிட்ட முன்னாடியே சொல்லிட்டு இருமுங்க, திடீர்னு இருமி கைய ஆட்டிடாதீங்க.

கவனத்த திருப்பணும்னா கண்ண மூடிகிட்டு சும்மா இருக்குறது பத்தாது, மூளைக்கு வேலை குடுக்கணும். 100லிருந்து ஏழு ஏழா கழிச்சுகிட்டு வாங்க. இல்ல, சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போ போற வழியில பஸ் நிக்குற எடத்த எல்லாம் வரிசையா மனசுல சொல்லுங்க.

மயங்குற வகைன்னா படுத்துக்குங்க, படுத்தபடியே காலையும் மத்த கையையும் இறுக்கி விடுங்க. காது அடைக்க ஆரம்பிச்சா ஒடனே சொல்லுங்க, அடக்கிகிட்டு இருக்காதீங்க.

படி 7: போட்டதுக்கு அப்புறம்

தடுப்பூசின்னா பதினஞ்சு நிமிஷம் அங்கயே ஒக்கார சொல்வாங்க, ஒக்காருங்க. ஏற்கனவே மயங்குன ஆளு அரை மணி நேரம் இருக்குறது நல்லது. எழும்பி ஒடனே மோட்டோர எடுக்காதீங்க. விழுறது ஊசி போடும்போதுதான்னு நெனைப்பாங்க, ஆனா "முடிஞ்சுது"ன்னு ஒடம்பு தளர்ற அந்த நிமிஷத்துலதான் நிறைய பேரு விழுறது, பார்மசி வரிசையில நிக்கும்போதோ வாசல்ல செருப்பு மாட்டும்போதோ. மயக்கமா வந்தா தரையிலயே படுத்து கால தூக்கி வச்சுக்குங்க, சட்டை அழுக்காகுதேன்னு பாக்காதீங்க.

புள்ளைங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு

மொதல்ல ஒரு பழக்கத்த விட்டுடுங்க. "சேட்டை பண்ணுன, மிஸ்ஸிகிட்ட சொல்லி ஊசி போட சொல்லிடுவேன்." நம்ம வீட்டுல இத கேக்காம வளந்த புள்ள இருக்கா? வருஷம் பூரா ஊசிய தண்டனையா காட்டிட்டு, ஒரு நாளு மட்டும் "இது ஒன் நல்லதுக்குத்தான் கண்ணு"ன்னு சொன்னா புள்ள எப்படி நம்பும்.

"வலிக்கவே வலிக்காது"ன்னும் சொல்லாதீங்க. வலிக்கும், அது பொய்யின்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அடுத்த ஊசிக்கு ஒங்க பேச்ச நம்பாது. "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், நீ பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கைய புடிச்சுக்குறேன்"ன்னு சொல்லுங்க. அங்க ஒக்காந்துகிட்டு "ஒன்னும் இல்ல ஒன்னும் இல்ல, பாவம், சாரி கண்ணு"ன்னு திரும்ப திரும்ப சொன்னாலும் பயம் கூடும்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க, ஏன்னா அம்மாவே பதறுனா நெஜமாவே ஏதோ ஆபத்துன்னு புள்ள நெனைக்கும். அதுக்கு பதிலா வேற பேச்சு பேசுங்க.

கைக்கொழந்தைக்கு தாய்ப்பால் குடுத்துகிட்டே ஊசி போடலாம், உலக சுகாதார நிறுவனம் 2015ல தடுப்பூசி வலிய கொறைக்குறது பத்தி குடுத்த அறிக்கையிலயே இத சொல்லியிருக்காங்க. கிளினிக் தேசால (கிராமத்து அரசாங்க கிளினிக்ல) முன்னாடியே கேட்டுக்குங்க. மூணு வயசுக்கு மேலன்னா படுக்க போட்டு அமுக்காம மடியில நிமிந்து ஒக்கார வச்சு, ஒங்க நெஞ்சோட சேத்து அணைச்சு புடிங்க. ஒரே நாள்ல ரெண்டு மூணு ஊசின்னா ஜாஸ்தி வலிக்குறத கடைசியா போட சொல்லுங்க.

பள்ளிக்கூடத்துல போடுற ஊசி தனி கதை. முதலாம் ஆண்டுல போடுவாங்க, 2010லேர்ந்து படிவம் ஒன்னு (13 வயசு) பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய தடுக்குற எச்.பி.வி, படிவம் மூணுல (15 வயசு) டெட்டனஸ். மண்டபத்துல வரிசையா நிக்க வச்சு, முன்னாடி போறவ மூஞ்சிய பின்னாடி நிக்கிறவ பாத்துகிட்டே இருப்பா. எங்க அண்ணன் மக போட்டுகிட்ட அன்னிக்கு வரிசையில ஒருத்தி சாஞ்சா, பின்னாடியே ரெண்டு பேரு வெளுத்து போயி ஒக்காந்துட்டாங்க. மருந்துல கோளாறுன்னு மத்தியானத்துக்குள்ள வாட்சாப் குரூப் பூரா பரவிடுச்சு. இப்படி பதட்டத்துல ஒடம்பு காட்டுற விளைவு உலக சுகாதார நிறுவனத்துக்கு நல்லா தெரிஞ்ச விஷயம், அதுக்குன்னு தனியா வழிமுறை புத்தகமே போட்டிருக்காங்க. ஒங்க புள்ள விழுற வகைன்னா டீச்சருக்கு முன்னாடியே ஒரு சீட்டு எழுதி குடுங்க: முதல்ல போட்டுடுங்க, படுக்க வச்சு போடுங்க, வரிசையில நிக்க வைக்காதீங்க.

முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் "எப்படி அழுத தெரியுமா"ன்னு சித்தப்பா பெரியப்பா முன்னாடி நடிச்சு காட்டி சிரிக்காதீங்க. "கைய ஆட்டாம வச்சிருந்த பாத்தியா, ஊதுனியே நல்லா"ன்னு அவன் சரியா செஞ்சத எடுத்து சொல்லுங்க. அடுத்த ஊசிக்கு அவன் எடுத்துட்டு போற ஞாபகம் நீங்க சொல்ற கதையாத்தான் இருக்கும்.

இன்சுலினுக்கு பயப்படுறவங்களுக்கு

இனிப்பு நீர் (நீரிழிவு) நம்ம ஆளுங்கள எப்படி புடிச்சிருக்குன்னு சொல்ல தேவையில்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இருந்துச்சு, இந்தியர்கள்ல அது 30 விழுக்காட்ட தாண்டி இருந்துச்சு. அதனால இது பாதி வீட்டுக்கு வேண்டிய சேதி.

எங்க அத்தைக்கு டாக்டர் இன்சுலின் எழுதி குடுத்து பேனா ரொம்ப நாளு ஐஸ்பெட்டியில முட்டைக்கு பக்கத்துலயே கெடந்துச்சு. கேட்டா "ஊசி ஆரம்பிச்ச எங்க பெரியம்மா ரெண்டு வருஷத்துல போயிட்டாங்க"ன்னு சொல்வாங்க. ஊசி பயம்னு நாங்க நெனைச்சோம், உள்ள இருந்தது அந்த நாலாவது வகை. அந்த காலத்துல சீனி அளவு கையை மீறி, சிறுநீரகம் கெட்டு, கடைசி கட்டத்துலதான் ஊசி குடுத்தாங்க, அதனால ஊசி வந்தா சாவு வருதுன்னு ஒரு கணக்கு ஊருல நின்னு போச்சு. லேட்டா ஆரம்பிச்சதுதான் வில்லன். இத மிஸ்ஸி ஒருத்தங்க பொறுமையா உக்காந்து சொல்லி, பேனா ஊசிய மூடிய கழட்டி காட்டுனாங்க, "மாக்சிக், தெங்கோக், கெச்சில் சாஜா", பாருங்கம்மா, சின்னதுதான்னு. நாலு மில்லிமீட்டர், அரிசி மணி நீளம் கூட இல்ல. அத்தை கண்ணாடிய மாட்டிகிட்டு கிட்டத்துல வச்சு பாத்துட்டு, "இதுக்கா இத்தன நாளு"ன்னு கேட்டாங்க, மிஸ்ஸிக்கு தமிழ் புரியல, ஆனாலும் சிரிச்சாங்க.

வீட்டுல போடுறவங்க கவனிக்க வேண்டியது: ஐஸ்பெட்டியிலேர்ந்து எடுத்த ஒடனே சில்லுனு போட்டா வலிக்கும். பாவிச்சுகிட்டு இருக்குற பேனாவ வெளியவே வைக்கலாம், பெரும்பாலான வகை நாலு வாரம் வரைக்கும் தாங்கும், பெட்டியில எழுதியிருக்குறத பாத்துக்குங்க. ஆனா 30 டிகிரிக்கு மேல போகக்கூடாது, நம்ம தகர கூரை வீட்டுல மத்தியானம் அதுக்கு மேல போயிடும், அதனால வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில, சுவரோரமா கீழ வைங்க, மோட்டோர் கூடையில விட்டுட்டு பாசாருக்கு போயிடாதீங்க. வயித்துல தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, தினமும் எடத்த மாத்தி போடுங்க, ஒரே எடத்துல குத்துனா கட்டி கட்டியா ஆகி மருந்து சரியா ஏறாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி, மிச்சம் புடிக்கிறேன்னு பழசையே பாவிச்சா மொனை மழுங்கி அதுதான் வலிக்கும். அமுக்கி முடிச்சதும் பத்து எண்ணிட்டு எடுங்க. கழட்டுன ஊசிய தடிச்ச பிளாஸ்டிக் போத்தல்ல போட்டு மூடி வச்சு கிளினிக்ல எப்படி குடுக்கணும்னு கேளுங்க, குப்பை பையில போட்டா குப்பை எடுக்குற ஆளு கையில குத்தும்.

எப்ப டாக்டர்கிட்ட இத பத்தியே பேசணும்

பயத்தால சிகிச்சையே தள்ளி போகுது, பல்லு வலிய மாத்திரையிலயே ஓட்டுறீங்க, கர்ப்பமா இருந்தும் ரத்த பரிசோதனைக்கு போகல, நாய் கடிச்சும் ஊசிக்கு போகல, இப்படி ஆச்சுன்னா வீட்டு பயிற்சிய மட்டும் நம்பி இருக்காதீங்க. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டர பாத்து, ஊசி பயம்தான் பிரச்சனைன்னு நேரா சொல்லுங்க, பெரிய கிளினிக்ல குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பாரு, அங்கேர்ந்து ஆஸ்பத்திரி மனநல பிரிவுக்கு எழுதி குடுக்கலாம். படி 3ல சொன்ன ஏணி ஏறுற வேலைய ஒரு ஆளு கூட இருந்து ஒழுங்கா செய்ய வைப்பாங்க, ஒரே உக்காருதல்ல சில மணி நேரத்துல முடிக்குற முறை கூட இருக்கு. பேச ஆளு வேணும்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. நாய் கடி, ஆழமான காயம் மாதிரி அவசரம்னா மட்டும் பயிற்சிக்கெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னிக்கே போங்க, படுத்துகிட்டு போட்டுக்குங்க, கூட யாரையாவது காடி ஓட்ட கூட்டிட்டு போங்க.